யாரிடம் கேட்டாய்?

தமிழ் முஸ்லிம் வீடுகளில் தொங்கும் நாள்காட்டித் தாள்களிலும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் கைக்கு வரும் துண்டறிக்கைகளிலும் ஒரு நபிமொழி அச்சாகியிருக்கும். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அறிவிப்பவர் இன்னார், நூல் புகாரி. நபிகள் நாயகம் மறைந்தது 632இல். அவர் சொற்களைத் தொகுத்த இமாம் புகாரி மறைந்தது 870இல். நடுவில் 238 ஆண்டுகள். அந்தப் பொடி வரி தொடக்கத்தையும் முடிவையும் சொல்லிவிட்டு நடுவை விழுங்கிவிடுகிறது. தாளில் இடமில்லை, வேறொன்றுமில்லை. அரபு மூலத்தைத் திறந்தால் அந்த நடுப்பகுதி முழுக்க ஆட்கள் நிற்கிறார்கள்.

புகாரியின் தொகுப்பில் முதலாவதாக வருவது, செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைப் பற்றிய புகழ்பெற்ற நபிமொழி. புகாரிக்கு அதைச் சொன்னவர் ஹுமைதி. ஹுமைதிக்குச் சொன்னவர் சுஃப்யான். அவருக்கு மதீனாவின் யஹ்யா பின் சயீத். யஹ்யாவுக்கு முஹம்மது பின் இப்ராஹீம். அவருக்கு அல்கமா. அல்கமாவுக்கு, மேடையில் நின்று பேசிய கலீஃபா உமர். உமர் நபிகளிடம் நேரே கேட்டவர். ஆறு பெயர்களைக் கடந்த பிறகுதான் செய்தி வருகிறது. செய்தியோ சில வரிகள்தான்.

இந்தப் பெயர் வரிசைக்கு அரபியில் இஸ்னாத் என்று பெயர். தமிழ் ஆலிம்கள் அறிவிப்பாளர் தொடர் என்பார்கள். நபிமொழிக்கு மட்டும் உரியதாக அது நிற்கவில்லை. போர், தேர்தல், கொலை, பஞ்சம் என்று இஸ்லாத்தின் முதல் மூன்று நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் இந்த வடிவில்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் பெயர்களைத் தாண்டிக் கதைக்குப் போய்விடுகிறார்கள். இயந்திரம் இருப்பதோ அந்தப் பெயர்களில்.

அந்த இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டியவர் தபரி. காஸ்பியன் கடலுக்குத் தெற்கே ஆமுல் என்ற ஊரில் 839இல் பிறந்து, 923இல் பாக்தாதில் மறைந்தவர். இறைத்தூதர்கள், அரசர்கள் வரலாறு என்ற அவருடைய நூல் உலகப் படைப்பில் தொடங்கி அவர் காலம் வரை வருகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு, பெயரடைவைச் சேர்த்து 40 தொகுதிகள். இதுவே சுருக்கிய வடிவம் என்று ஒரு கதை உண்டு. முதலில் முப்பதாயிரம் ஏடுகளில் எழுதப்போவதாகச் சொன்னாராம். படித்து முடிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும் என்று மாணவர்கள் அலற, மக்களுக்கு ஊக்கம் செத்துப்போயிற்று என்று நொந்துகொண்டே மூவாயிரமாகக் குறைத்தாராம். ஆசிரியர்களின் புலம்பல் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

தபரியின் பக்கங்களில் விசித்திரமான ஒன்று நடக்கும். ஒரு போரைப் பற்றி ஒருவர் சொன்னது வரும். அடுத்த பத்தியில் இன்னொருவர் அதையே வேறு மாதிரிச் சொல்வார். மூன்றாமவர் தேதியையே மாற்றுவார். பல இடங்களில் தபரி தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுவார். முன்னுரையிலேயே அதற்கான காரணத்தையும் வைத்திருக்கிறார். இந்நூலில் நம்ப முடியாத செய்தி எதையாவது கண்டால் அது என்னிடமிருந்து வரவில்லை, எனக்குச் சொன்னவர்களிடமிருந்து வந்தது, எனக்கு வந்தபடியே உங்களிடம் சேர்த்திருக்கிறேன் என்பது அதன் சாரம். முதல் பார்வைக்கு இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது போலத் தெரியும். ஆயிரம் ஆண்டு கழித்துப் பார்க்கும்போதுதான் லாபம் புரிகிறது. அவர் கலந்து அரைத்துத் தராததால் மூலப்பொருள்கள் தனித்தனியாக நமக்குக் கிடைக்கின்றன. கூஃபா நகரத்து அபூ மிக்னஃப் 774இல் இறந்தார். அவர் எழுதிய தனி நூல்கள் தொலைந்துவிட்டன. ஆனால் தபரிக்குள் அவர் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு உயிரோடு இருக்கிறார்.

பின்னால் வந்த இப்னுல் அதீர் வேறு வழியில் போனார். 1233இல் மறைந்த இவர் தபரியை அடித்தளமாக எடுத்துக்கொண்டு தொடர்களை நீக்கினார். பல செய்திகளை ஒன்றாகத் தைத்து ஓட்டமான ஒரே கதையாக்கினார். படிக்க அதுதான் சுகம். தையல் எங்கே போட்டார் என்பது மட்டும் தெரியாது.

தொடருக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். பெயர்களுக்கு நடுவே வரும் வினைச்சொற்களைச் சும்மா போடுவதில்லை. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டாரா, மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்டுச் சரிபார்த்தாரா, அல்லது வெறுமனே இன்னாரிடமிருந்து என்று மட்டும் சொல்லிக்கொள்கிறாரா? மூன்றுக்கும் வெவ்வேறு சொல். ஹத்தஸனா, அக்பரனா, அன் என்பவை அவை. மூன்றாவதைக் கண்டால் ஆய்வாளர் புருவத்தைச் சுருக்குவார். நேரில் கேட்டதாக அது உறுதி சொல்வதில்லை. நடுவில் ஓர் ஆள் மறைந்திருக்கலாம். படியெடுப்பவர்களுக்கோ இந்தச் சொற்களை ஆயிரம் முறை எழுதிக் கை ஓய்ந்துபோகும். எனவே ஹத்தஸனாவின் கடைசி இரண்டு மூன்று எழுத்தை மட்டும் எழுதினார்கள். ஒரே செய்திக்கு இரண்டு தொடர் இருந்தால் ஒரு தொடரிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில் ஹா என்ற ஒற்றை எழுத்து. கணினி நிரல் எழுதுபவர்களுக்கு இந்தப் புத்தி உடனே பிடிபடும்.

பெயர் வரிசை எவ்வளவு நீளமானாலும், அந்தப் பெயர்கள் யார் என்று தெரியாதவரை அது வெறும் அலங்காரம். யார் வேண்டுமானாலும் நான்கு பெரிய பெயர்களைக் கோத்து எதையும் சொல்லிவிடலாம். சொல்லவும் செய்தார்கள். கட்சிக்காரர்கள், கதைசொல்லிகள், நல்லெண்ணத்தில் பொய் சொன்ன பக்திமான்கள் என்று இட்டுக்கட்டியவர்களுக்குக் குறைவில்லை. இதற்கு மாற்றாகத்தான் உலகில் வேறெங்கும் அந்தக் காலத்தில் இந்த அளவில் இல்லாத ஒன்றை உருவாக்கினார்கள்: ஆட்களின் அகராதி.

845இல் மறைந்த இப்னு சஅத் தலைமுறை தலைமுறையாக நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தார். புகாரியும் நபிமொழித் தொகுப்போடு நிறுத்தாமல் அறிவிப்பாளர்களுக்கென்று தனியே பெரிய அகராதி எழுதினார். கதீப் அல்பக்தாதி தம் நகரத்தோடு தொடர்புடைய 7,831 பேரின் வாழ்க்கைக் குறிப்பைத் திரட்டினார். தினம் ஒருவர் என்று படித்தால் முடிக்க இருபத்தோரு ஆண்டு ஆகும். திமிஷ்கு, அதாவது டமாஸ்கஸ் நகரத்துக்கு இப்னு அசாகிர் செய்த அகராதி இன்றைய அச்சில் 80 தொகுதி. தஹபி 14ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றில் சுமார் 30,000 பேர் வருகிறார்கள்.

ஒவ்வொரு குறிப்பிலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. எப்போது பிறந்தார், எப்போது இறந்தார், எங்கெங்கே பயணம் போனார், யாரிடம் கேட்டார், யாருக்குச் சொன்னார், நினைவாற்றல் எப்படி, முதுமையில் குழம்பினாரா, ஏடுகள் தீயில் எரிந்த பிறகு மனப்பாடத்தை நம்பினாரா. கடைசியில் மதிப்பெண். 15ஆம் நூற்றாண்டில் இப்னு ஹஜர் இந்தக் கடலைச் சுருக்கி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவிப்பாளர்களுக்கு ஆளுக்கு ஓரிரு வரி எழுதினார். நம்பகத்துக்குப் பன்னிரண்டு படிநிலை வைத்தார். உச்சியில் நபித்தோழர்கள். அடியில் பொய்யர் என்று பெயரெடுத்தவர்கள். கைக்கடக்கமான நூல், ஈவிரக்கமற்ற நூல்.

அரபுப் பெயரின் அமைப்பும் இதற்குத் தோதாக வாய்த்தது. கதீபின் முழுப்பெயர் அபூபக்ர் அஹ்மத் பின் அலீ பின் ஸாபித் அல்கதீப் அல்பக்தாதி. இன்னாருக்குத் தந்தை, தன் பெயர், தந்தை, பாட்டன், செய்யும் பணி, ஊர். ஓர் அஞ்சல் முகவரிக்குத் தேவையான அத்தனையும் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆயிரம் அஹ்மதுகளுக்கு நடுவில் சரியான அஹ்மதைப் பிடித்துவிடலாம்.

இப்போது இயந்திரம் வேலை செய்வதைப் பார்க்கலாம். பழைய நிகழ்ச்சி ஒன்று. இஸ்மாயீல் பின் அய்யாஷ் என்ற சிரியா நாட்டு அறிஞர் இராக்குக்குப் போயிருந்தார். காலித் பின் மஅதான் என்ற பெரியவரிடம் கேட்டதாகச் சொல்லி ஒருவர் செய்திகளைப் பரப்பிக்கொண்டிருந்தார். எந்த ஆண்டு கேட்டீர் என்று இஸ்மாயீல் விசாரித்தார். ஹிஜ்ரி 113, அதாவது நபிகள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த 622லிருந்து எண்ணும் நிலவாண்டுக் கணக்கில் 113, என்றார் அவர். அப்படியானால் காலித் இறந்து ஏழு ஆண்டு கழித்து அவரிடம் கேட்டிருக்கிறீர் என்றார் இஸ்மாயீல். விசாரணை முடிந்தது.

இதைவிடப் பெரியது கதீப் அல்பக்தாதிக்கு நேர்ந்தது. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் பாக்தாதில் ஓர் ஆவணம் வெளிவந்தது. அரேபியாவின் கைபர் பகுதி யூதர்களுக்கு, முஸ்லிம் அல்லாதோர் கட்டும் ஜிஸ்யா வரியிலிருந்து நபிகளே விலக்கு அளித்த கடிதம் என்று அதைக் கொண்டுவந்தார்கள். சாட்சிகளாக நபித்தோழர்களின் பெயர்கள். அமைச்சர் இப்னுல் முஸ்லிமா தயங்கினார். நபியின் கடிதம் என்றால் மறுக்க முடியாது. போலி என்றால் கருவூலத்துக்கு நட்டம். கதீபை அழைத்துக் காட்டினார்கள். அவர் பார்த்தார், போலி என்றார். எப்படி என்று கேட்டார்கள்.

கைபர் வெற்றிகொள்ளப்பட்டது ஹிஜ்ரி 7இல். சாட்சிகளில் ஒருவர் முஆவியா. அவர் இஸ்லாத்தில் சேர்ந்தது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். மற்றொரு சாட்சி சஅத் பின் முஆத். அகழ்ப் போரில் பட்ட காயத்தால் அவர் ஹிஜ்ரி 5இலேயே இறந்துவிட்டார். ஒரு சாட்சி இன்னும் வந்து சேரவில்லை, மற்றவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுத்தையோ மையையோ கதீப் ஆராயவில்லை. அவர் கையில் இருந்தது ஆட்களின் அகராதி மட்டுமே. திருத்தந்தைக்கு ரோமப் பேரரசர் நாட்டைத் தானம் கொடுத்ததாகச் சொன்ன ஆவணம் போலி என்று லொரென்சோ வல்லா இத்தாலியில் நிறுவியது 1440இல். ஐரோப்பிய வரலாற்றுப் பாடங்கள் அதை ஆவண ஆய்வின் பெரும் மைல்கல்லாகக் கொண்டாடுகின்றன. கதீப் அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு மூத்தவர்.

தொடரில் கண்ணி கூடக்கூடப் பிசகு கூடும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நூற்றுக்கு ஐந்து பங்கு கெடுவதாக வைத்துக்கொள்வோம். ஆறு கைமாற்றம் என்றால் 73 பங்கு மிஞ்சும். பதினைந்து என்றால் 46தான். ஏட்டை வைத்துக்கொண்டு வாசித்துச் சரிபார்த்ததால் உண்மையில் கேடு இதைவிட மிகக் குறைவு. ஆனாலும் கணக்கின் போக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குறுகிய தொடருக்குத் தனி மதிப்பு வைத்தார்கள். தொடரைக் குறுக்க என்ன வழி? மிக வயதானவரிடம் மிகச் சிறிய பிள்ளையை அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளை நீண்ட காலம் வாழ வேண்டும். முதல் பாதியைத் திட்டமிடலாம். மறுபாதி இறைவன் கையில்.

ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் அப்படி ஒரு தந்தை இருந்தார். ஏழு வயது மகனைக் கூட்டிக்கொண்டு பூஷஞ்ச் ஊருக்கு நடந்தே போனார். அங்கே தாவூதி என்ற முதியவர் புகாரியின் நூலைக் கற்பித்துக்கொண்டிருந்தார். நடக்கத் தொடங்கியபோது பையன் கையில் இரண்டு கல்லைக் கொடுத்து, சுமந்து வா என்றார் தந்தை. களைத்தபோது ஒரு கல்லைப் போடச் சொன்னார். பாரம் குறைந்த தெம்பில் பையன் இன்னும் கொஞ்சம் நடந்தான். பிறகு அடுத்த கல். அதற்கும் பிறகு தோளில் தூக்கிக்கொண்டார். வழியில் போனவர்கள் சவாரி தர முன்வந்தும் மறுத்தார். நபிமொழி கேட்கப் போகிறோம், நடந்துதான் போவோம் என்றார். அந்தப் பையன்தான் அபுல் வக்த். ஹிஜ்ரி 465இல் கேட்டதை 553இல் பாக்தாதில் சாகும்வரை சொல்லிக்கொடுத்தார். 88 ஆண்டு இடைவெளியை ஒற்றை ஆளாகத் தாண்டியவர்.

அபுல் வக்திடம் கேட்டவர்களில் ஒருவர் இப்னுஸ் ஸபீதி. அவர் ஹிஜ்ரி 630இல் டமாஸ்கஸில் புகாரியைக் கற்பித்தபோது கூட்டத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். வளர்ந்து கொத்தனாரானான். கல்வேலை செய்பவர் என்று பொருள்படும் ஹஜ்ஜார் என்றே பெயர். கல்லுடைத்துக் காலம் தள்ளிய அவரை எழுபது ஆண்டுக்கும் மேலாக யாரும் தேடவில்லை. ஹிஜ்ரி 706இல் பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் அவர் பெயர் தென்பட்டது. அன்று கேட்டவர்களில் இவர் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்ததும் நகரமே அவர் வீட்டுக்குத் திரண்டது. கெய்ரோவுக்கு அழைத்துப் போனார்கள். எழுபது முறைக்கு மேல் முழு நூலையும் அவர் முன்னே வாசித்து அனுமதி பெற்றார்கள். ஹிஜ்ரி 730இல், நூறைத் தாண்டிய வயதில் இறந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். புகாரி இறந்தது 870. ஹஜ்ஜார் இறந்தது 1329ஐ ஒட்டி. 460 ஆண்டுகள். இருவருக்கும் நடுவில் நின்றவர்கள் ஐந்தே பேர். சாதாரணமாகத் தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று வைத்தால் பதினைந்து தலைமுறை.

ஹஜ்ஜாரைக் கண்டுபிடித்துக் கொடுத்த அந்தப் பதிவேடு தனி அதிசயம். ஒரு நூலைக் கூட்டமாக வாசித்து முடித்ததும், ஏட்டின் கடைசிப் பக்கத்திலோ ஓரத்திலோ, யார் யார் வந்திருந்தார்கள் என்று எழுதி வைப்பார்கள். வாசித்தவர், கேட்டவர்கள், இடம், நாள். பிள்ளைகளாக இருந்தால் வயது. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கேட்டார் என்று எழுத மாட்டார்கள், உடனிருந்தார் என்றுதான் எழுதுவார்கள். தாமதமாக வந்தவர், நடுவில் எழுந்து போனவர் விட்ட பகுதிகளைக் குறித்தார்கள். பேசிக்கொண்டிருந்தவரையும் கண்ணயர்ந்தவரையும் கூட விடவில்லை. டமாஸ்கஸ் ஏடுகளில் 1155க்கும் 1349க்கும் இடைப்பட்ட இத்தகைய சான்றுகள் 1,300க்கு மேல் தொகுக்கப்பட்டு 1996இல் அச்சாயின. அரசர்களின் வரலாற்றில் தலைகாட்ட வழியே இல்லாத கடைக்காரர்களும் கைவினைஞர்களும் அடிமைகளும் பெண்களும் அதில் பெயரோடு இருக்கிறார்கள்.

இவ்வளவு கச்சிதமான இயந்திரத்திலும் ஓட்டை உண்டு. அதைச் சுட்டிக்காட்டியவர் இப்னு கல்தூன். அல்ஜீரியாவின் ஒதுக்குப்புறக் கோட்டை ஒன்றில் இருந்துகொண்டு 1377இல் ஐந்தே மாதத்தில் முகத்திமா என்ற முன்னுரை நூலை எழுதி முடித்தவர். சொன்னவன் நல்லவனா என்று பார்ப்பது இருக்கட்டும், சொன்னது நடக்கக்கூடியதா என்று முதலில் பார் என்றார். நபி மூசா எண்ணியபோது படை வீரர்கள் ஆறு லட்சம் இருந்தார்கள் என்று மஸ்ஊதி போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியிருந்தார்கள். இப்னு கல்தூன் கணக்குப் போட்டார். அவ்வளவு பெரிய படையை ஒரு நாடு தாங்காது. அணிவகுத்தால் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியாது. அந்தக் குலத்தின் மூதாதை யாகூபுக்கும் மூசாவுக்கும் நடுவில் சில தலைமுறைகளே. ஒரு குடும்பம் அதற்குள் இவ்வளவு பெருகாது. மக்கள்தொகை, பொருளாதாரம், புவியியல் ஆகிய மூன்றையும் வைத்து ஒரு செய்தியை உடைத்தார். நபிமொழிக்கு ஆளைப் பார்ப்பது சரி, உலக நிகழ்ச்சிக்கு உலகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இன்னொரு கனமான அடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. யோசப் ஷாக்ட் 1950இல் எழுதிய நூலில், தொடர்கள் பின்னோக்கி வளர்ந்தவை என்றார். ஒரு கருத்தைப் பிற்காலத்தவர் உருவாக்கிவிட்டு, மதிப்புக்காகப் பழைய பெயர்களை மேலே ஏற்றினார்கள் என்பது வாதம். அடையாளமாகக் காட்டியது பொதுக் கண்ணியை. பல கிளைகள் ஒரே ஆளிடம் வந்து கூடி, அதற்கு மேலே ஒற்றைக் கோடாகப் போகுமானால், அந்த ஆள்தான் சந்தேகத்துக்குரியவர். தொடக்கத்தில் பார்த்த எண்ணம் பற்றிய நபிமொழி இதற்கு அச்சு அசல் உதாரணம். உமரிலிருந்து யஹ்யா பின் சயீத் வரை ஒற்றைக் கோடு. யஹ்யாவிடமிருந்து நூற்றுக்கணக்கானோர். சுவாரசியம் என்னவென்றால் பழைய முஸ்லிம் அறிஞர்களே இதைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஒற்றை வழியாக வந்த செய்தி என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆனால் நடுவில் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் சோதனையில் தேறியவர்கள் என்பதால் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே படத்தைப் பார்த்து இரு தரப்பும் வெவ்வேறு முடிவுக்கு வந்தன.

ஜெர்மானியர் ஹரால்ட் மொட்ஸ்கி இந்த இழுபறியிலிருந்து அழகான ஒரு சோதனையை எடுத்தார். பெயர்களை வைத்து ஒரு கிளை மரம் வரையுங்கள். பிறகு பெயர்களை மறந்துவிட்டு, செய்தியின் சொல் வேறுபாடுகளை மட்டும் வைத்து இன்னொரு மரம் வரையுங்கள். ஒரே ஆசிரியரிடம் கேட்டதாகச் சொல்லும் இருவர் ஒரே விநோதச் சொல்லையும் பயன்படுத்தினால் இரண்டு மரமும் பொருந்தும், தொடர் மெய். பெயர் ஒரு கிளையிலும் சொற்கள் வேறு கிளையிலும் இருந்தால் எங்கோ திருடியிருக்கிறார்கள். உயிரியலார் மரபணுக்களின் பிசகை வைத்து உயிரினங்களின் உறவைக் கண்டுபிடிக்கும் அதே தர்க்கம்தான். இந்த வழியில் மொட்ஸ்கியும் அவரைப் பின்பற்றியவர்களும் சில செய்திகளை ஷாக்ட் அனுமதித்ததைவிட ஏறக்குறைய ஒரு தலைமுறையோ அதற்கு மேலோ பின்னுக்குக் கொண்டுபோனார்கள். எல்லாச் செய்திக்கும் இது பலிப்பதில்லை. இரண்டாவது மரம் வரைய நிறையப் பிரதி வேண்டும்.

ஆட்களின் அகராதி கொடுத்த எதிர்பாராத பரிசு ஒன்று உண்டு. ஈரான் எப்போது முஸ்லிம் நாடானது? அரபுப் படை வென்றது 7ஆம் நூற்றாண்டில். ஆனால் மக்கள் எப்போது மாறினார்கள் என்று எந்த வரலாற்றாசிரியரும் கணக்கெடுத்து எழுதவில்லை. அமெரிக்கர் ரிச்சர்ட் புல்லியட் 1979இல் வெளிவந்த நூலில் பெயர்களை எண்ணினார். ஒருவர் அஹ்மத், தந்தை முஹம்மது, பாட்டன் அப்துல்லாஹ், பூட்டன் ருஸ்தம் என்று ஒரு பெயர் வரிசை. ருஸ்தம் பாரசீகப் பெயர், மற்றவை முஸ்லிம் பெயர்கள். எனவே மாற்றம் அந்தத் தலைமுறையை ஒட்டி. நூற்றுக்கணக்கான வம்சங்களை இப்படிக் குறித்தபோது ஒரு வளைகோடு எழுந்தது. முதலில் மெதுவாக, பிறகு 9ஆம் நூற்றாண்டை ஒட்டிச் சட்டென்று மேலே, அப்புறம் தட்டையாக. வாள் முனையில் ஒரே நாளில் மாறினார்கள் என்ற கதைக்கும், வந்தவுடன் மனமுவந்து கூட்டமாகச் சேர்ந்தார்கள் என்ற கதைக்கும் இந்தக் கோடு இடம் தரவில்லை. அகராதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்கள், கிராமங்கள் பின்தங்கியிருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. எனக்கு வியப்பு, பொய்யரைப் பிடிக்கச் செய்த அகராதி, அதைச் செய்தவர்கள் கனவிலும் கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறதே என்பதில்தான்.

இன்று இந்த நூல்களைக் கணினியும் படிக்கிறது. லண்டனில் ஆகா கான் பல்கலைக்கழகத்தின் கிதாப் என்ற திட்டம், பழைய அரபு நூல்களை நூறு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தொகுப்பாகச் சேர்த்து, முந்நூறு முந்நூறு சொற்களாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மற்ற நூல்களோடு ஒப்பிடுகிறது. யார் யாரை எடுத்தாண்டார், எதை விட்டார், எந்தத் தொலைந்த நூலின் துண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். மனித ஆயுளில் முடியாத வேலை. தபரியின் மாணவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

மனிதரே செய்து முடித்ததும் ஒன்று இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் ஜவுன்பூர் பகுதியில் பிறந்து, லக்னோவின் நத்வதுல் உலமாவில் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் வாழும் முஹம்மத் அக்ரம் நத்வி, நபிமொழி கற்பித்த பெண்களைப் பட்டியலிடத் தொடங்கினார். இருபது முப்பது பேர் கிடைப்பார்கள், சிறு நூலாக முடித்துவிடலாம் என்று நினைத்தார். பழைய அகராதிகளைப் புரட்டப் புரட்டப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மக்காவில் புகாரியைக் கற்பித்த கரீமா. அவரிடம்தான் கதீப் அல்பக்தாதியே ஹஜ் பயணத்தின்போது ஐந்து நாளில் முழு நூலையும் வாசித்தார். இப்னு அசாகிருக்கு ஆசிரியைகள் மட்டும் எண்பது பேருக்கு மேல். 15ஆம் நூற்றாண்டின் சகாவி தம் அகராதியின் கடைசித் தொகுதியை முழுக்கப் பெண்களுக்கு ஒதுக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எழுதினார். பெண் அறிவிப்பாளர்களில் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரையும் தாம் அறியவில்லை என்று தஹபி எழுதி வைத்திருக்கிறார். ஆண்களைப் பற்றி அவருக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. நத்வியின் நூல் 2021இல் அச்சானபோது சுமார் பத்தாயிரம் பெண்களும் 43 தொகுதிகளும். பெண்கள் பள்ளிவாசலுக்கு வரலாமா, மேடையேறிக் கற்பிக்கலாமா என்ற இன்றைய தகராறுகளில் இரு தரப்பும் இப்போது அந்தப் பட்டியலைக் கடந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

இந்த உலகத்துக்குள் நுழைய விரும்புபவர் தபரியின் ஆங்கிலப் பெயர்ப்பை முதல் தொகுதியிலிருந்து தொடங்க வேண்டாம். நேரே பத்தொன்பதாம் தொகுதியை எடுங்கள். 680இல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட நிகழ்ச்சி அதில் இருக்கிறது. பெரும்பகுதி அபூ மிக்னஃப் சேகரித்தது. ஒவ்வொரு பத்தியின் தலையிலும் நிற்கும் பெயர்களைத் தாண்டாமல் படியுங்கள். ஹுசைனின் தரப்பில் இருந்து உயிர் தப்பிய பணியாள் உக்பா சொன்னதும் வரும். எதிர்ப்படையில் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த ஹுமைத் பின் முஸ்லிம் சொன்னதும் வரும். இருவரும் ஒரே பக்கத்தில், ஒருவரை ஒருவர் வெட்டாமல். சொல்வது யார் என்று தெரிந்துகொண்டு படித்தால் அந்த நாள் இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும்.